சொந்தக்காரர் வீட்டுக்கும் போய், ஊரையும் பார்த்து வர: முதல்முறை கிளம்புகிற குடும்பங்களுக்கு

விடுமுறை வருகிறது. வெளியூரில் அத்தை வீடோ சித்தப்பா வீடோ இருக்கிறது. தங்க இடம் உண்டு, வழி சொல்ல ஆள் உண்டு. அவர்களையும் பார்த்துவிட்டு ஊரையும் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் பார்க்கப் போவது வேறு, இருக்கப் போவது வேறு. எதற்கு எவ்வளவு நேரம் என்று கிளம்பும் முன்பே பேசி வைக்காவிட்டால், ஊர் சுற்றுவதே எல்லா நாளையும் விழுங்கிவிடும்.

எங்கள் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது என் அத்தை வீட்டுக்கு நான்கு நாள் போனோம். காலை ஏழு மணிக்கு வெளியே போனால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவோம். மேஜையில் ஐந்து தட்டுகள் கவிழ்த்து வைத்திருக்கும். நாலு எங்களுக்கு, ஒன்று அத்தைக்கு. அவரும் அதுவரை சாப்பிட்டிருக்க மாட்டார். தூக்கக் கண்ணோடு எழுந்து வந்து எல்லாவற்றையும் சூடுபண்ணிப் போடுவார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த தடவை வந்தா ஒரு நாளாவது என்கூட உக்காந்து பேசிட்டுப் போம்மா” என்றார். அதற்கப்புறம் எந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டாலும் முதலில் எழுதுவது வீட்டில் இருக்கப்போகும் நேரத்தைத்தான். மிச்சத்தில்தான் ஊர்.

நாள் குறிக்கும் முன் ஒரு போன்

டிக்கெட் எடுத்துவிட்டுத் தகவல் சொல்லாதீர்கள். கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். அந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம், இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர் இருக்கலாம், உடம்புக்கு முடியாத பெரியவர் இருக்கலாம். “வரலாமா?” என்று கேட்டால் “இதென்ன கேள்வி, வாங்க” என்றுதான் பதில் வரும். அதனால் இரண்டு தேதிகளைச் சொல்லிக் கேளுங்கள். “அத்தை, முதல் வாரம் வரட்டுமா, மூணாவது வாரம் வரட்டுமா? உங்களுக்கு எது தோது?” என்றால், ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றைச் சொல்ல அவருக்குச் சங்கடம் இருக்காது.

எத்தனை பேர் வருகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள், முதல் வேளைச் சாப்பாடு அங்கேயா, எந்த நாள் கிளம்புவீர்கள் என்பதையெல்லாம் அதே போனில் சொல்லிவிடுங்கள். கிளம்பும் நாளைத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். வந்தவர்களிடம் “எப்போ கிளம்புறீங்க?” என்று எந்த வீட்டுக்காரரும் வாய்விட்டுக் கேட்க முடியாது. ஆனால் அவர்களுக்கும் லீவு போட வேண்டும், சாமான் வாங்க வேண்டும், இன்னொரு விருந்தாளியைத் தள்ளிப்போடச் சொல்ல வேண்டும்.

குழந்தைக்கோ உங்களுக்கோ ஒத்துக்கொள்ளாத சாப்பாடு எதுவும் இருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள். சமைத்து முடித்துப் பரிமாறும்போது சொல்வதுதான் மனத்தாங்கலில் முடியும்.

அப்புறம் ஒரு கேள்வி: “அங்க வேற யார் யாரைப் பார்க்கணும்?” ஒரு வீட்டுக்கு மட்டும் வந்துவிட்டுப் போனோம் என்று இன்னொரு வீட்டில் வருத்தப்படுவது எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பட்டியலையும், எந்த வீட்டுக்கு முதலில் போவது என்ற வரிசையையும், அங்கே இருக்கும் மூத்தவரிடமே விட்டுவிடுங்கள். யாருக்கு நடக்க முடியாது, யார் வீட்டில் எந்த நேரம் ஆள் இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அங்கேயே தங்குவதா, வெளியே அறை எடுப்பதா

ஒரே குளியலறை, கைக்குழந்தை, நான்கு பேருக்கு மேல் விருந்தாளிகள், மூன்று இரவுக்கு மேல் தங்கல். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே நான் வெளியே அறை எடுத்துவிடுவேன். இதில் மனம் புண்படுவது எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. “உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு ஹோட்டல்ல போட்டிருக்கோம்” என்றால் அவர்களை அந்நியர் ஆக்கியதுபோல ஆகிவிடும். “ராத்திரி குழந்தை அழுவான் சித்தி, தூங்க மட்டும் அங்க போறோம், காலையில இங்கதான் காப்பி” என்று சொல்லிப் பாருங்கள். முதல் இரவு வீட்டிலும் மற்ற இரவுகள் வெளியிலும் என்று பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது.

நேரத்தைப் பங்கு போடுவது

ஒரு தாள் எடுத்து ஒவ்வொரு நாளையும் காலை, மதியம், மாலை என்று மூன்று கட்டமாகப் போடுங்கள். நான்கு நாள் பயணம் என்றால் பன்னிரண்டு கட்டம். வந்து சேரும் நாளில் இரண்டும் கிளம்பும் நாளில் இரண்டும் பயணத்துக்கே போய்விடும். மிஞ்சுவது எட்டு. அதில் நான்கை வீட்டுக்கு என்று முதலில் நிரப்புங்கள். மற்ற உறவினர் வீடுகளுக்கு இரண்டு. ஊர் பார்க்க இரண்டே இரண்டு கட்டம்தானா என்று தோன்றும். இரண்டு இடத்தை நிதானமாகப் பார்த்த பிள்ளைக்கு அது பல வருஷம் நினைவிருக்கும். ஆறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போன பிள்ளைக்கு வண்டியில் தூங்கியதுதான் நினைவிருக்கும்.

உறவினர் வீட்டுக்குப் போவதை யாரும் சரியாகக் கணக்குப் போடுவதில்லை. “பத்து நிமிஷம் தலையைக் காட்டிட்டு வந்துடலாம்” என்று போகிற வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு கட்டத்துக்கு இரண்டு வீடு போதும். மூன்றாவது வீட்டில் எல்லோரும் வயிறு நிறைந்து, களைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிரில் இருப்பவருக்கு அது தெரியும்.

இனி ஊர் பார்க்கும் கட்டங்கள். முதலில் வார விடுமுறையைப் பாருங்கள். உலகம் முழுக்கப் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. தாஜ் மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். பெரிய இடங்களே ஆளுக்கொரு நாளை வைத்திருக்கும்போது, நீங்கள் போகும் ஊரின் இடத்துக்கு எந்த நாள் என்பதை அதன் சொந்த இணையதளத்திலோ, உள்ளூரில் இருக்கும் உறவினரிடமோ கேட்டுக்கொள்வதுதான் வழி. மதிய இடைவேளை உண்டா, கடைசி டிக்கெட் எத்தனை மணிக்கு என்பதும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது. மூடும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடும் இடங்கள் நிறைய.

வெட்டவெளியில் இருக்கும் இடத்தைக் காலையில் வையுங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும். கூரைக்குள் இருக்கும் இடத்துக்கு மதியம் போகலாம். கோட்டை, கடற்கரை, தோட்டம் எல்லாமே காலையிலும் அந்தி நேரத்திலும்தான் கண்ணுக்கும் இதம், படத்துக்கும் அழகு.

பெட்டி

துணிமணி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குறைவாக எடுங்கள், அங்கே துவைக்க இடம் இருக்கும். மருந்துதான் முக்கியம். தினசரி மாத்திரைகளை இரண்டு மூன்று நாள் கூடுதலாக எடுத்து, மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி தொலைந்தாலும் மாத்திரை தொலையக் கூடாது. இன்சுலின் போடுகிறவர் கூட வந்தால், திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறையவே கூடாது. விமானத்தில் அதைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டு ஃபிரிட்ஜில் உறைபெட்டியை ஒட்டாமல், கதவுப் பக்கம் ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வீடு என்றால் இன்னும் இரண்டு. பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும், குழந்தையின் பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். மின்சாரம் சில நாடுகளில் 110–120 வோல்ட், பெரும்பாலான நாடுகளில் 220–240. போன் சார்ஜரில் 100–240 என்று அச்சடித்திருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும். தலைமுடி உலர்த்தி மாதிரியான சாதனங்களில் பெரும்பாலும் அப்படி இருக்காது, விட்டுவிட்டுப் போங்கள்.

வழியில்

இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான் வண்டியில் குமட்டல் அதிகம் வரும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு “நகர்கிறோம்” என்கிறது, புத்தகத்தையோ போனையோ பார்க்கும் கண் “சும்மா இருக்கிறோம்” என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்ட வைக்கிறது. போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்தில் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

வண்டி ஓட்டுபவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரமாவது இறங்கி நடக்கட்டும். நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை கண் தானாகச் சொருகும் நேரம். “ராத்திரியே கிளம்பினா ஒரு நாள் மிச்சம்” என்று சொல்லி அந்த நேரத்தில் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு போவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விமானம் இறங்கும்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. வயதானவர்களை இடையிடையே எழுந்து நடக்க வையுங்கள், முடியாவிட்டால் பாதத்தை மேலும் கீழுமாக அசைக்கச் சொல்லுங்கள்.

நேர மண்டலம் தாண்டிப் போனால், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று உடம்பு பழக எடுத்துக்கொள்ளும். கிழக்கே போனால் இன்னும் சிரமம். முதல் இரண்டு நாள் டிக்கெட் போட்டுப் பார்க்கிற இடம் எதுவும் வேண்டாம்.

வீட்டுக்குள் கால் வைத்ததும்

முதல் ஒரு மணி நேரம் போனை எடுக்காதீர்கள். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள். அவர்கள் நீங்கள் வருவதற்காகக் காலையிலிருந்தே வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்திருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் இருப்பவர்களின் படத்தைக் காட்டி, “இவங்க உங்க அப்பாவோட பெரியப்பா, நீ தாத்தான்னு கூப்பிடணும்” என்று ஊரிலேயே சொல்லிக்கொடுத்து வையுங்கள். பெயர் சொல்லி முறை சொல்லி ஒரு குழந்தை கூப்பிடும்போது பெரியவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அதே சமயம், பார்த்ததும் மடியில் போய் உட்காரவில்லை என்று பிள்ளையை அதட்டாதீர்கள். அரை நாள் விட்டால் தானாகப் போகும்.

அந்த வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் யார் முதலில் குளிக்க வேண்டும், சுடுதண்ணீர் எத்தனை பேருக்கு வரும், இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் முதலில் குளிக்கட்டும், நமக்கு விடுமுறை. காப்பி குடித்த டம்ளரை நாமே கழுவி வைப்பது, படுத்த போர்வையை மடித்து வைப்பது இதெல்லாம் சொல்லாமலே தெரிந்ததுதான். ஆனால் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்தால்தான் அது உதவி. வந்திருக்கும் பெண்கள் மட்டும் அடுக்களைக்குள் போய்விட்டால், அவர்களுக்கு அது விடுமுறையே இல்லை.

செலவு விஷயத்தில் பேசிப் பயனில்லை. “நான் குடுக்கிறேன், நீங்க குடுக்காதீங்க” என்று கல்லாவில் நின்று கையைப் பிடித்து இழுப்பதைவிட, டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். காலையில் வீட்டுக்காரரோடு கடைக்குப் போய் அன்றைய சாமானை உங்கள் செலவிலேயே வாங்கிவிடுங்கள்.

ஊர் பார்க்கும் நாள்

வீட்டுக்காரர்களையும் கூப்பிடுங்கள். வாயளவில் கூப்பிடாமல், அவர்களுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள். பக்கத்தில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே உள்ளூர்க்காரர்கள் பலர் தங்கள் ஊரின் பெரிய இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனதோடு சரி. விருந்தாளி வந்தால்தான் அவர்களுக்கும் ஒரு சாக்கு கிடைக்கிறது. நான்கு கட்டத்தை வீட்டுக்கு ஒதுக்கச் சொன்னேனே, அவர்களும் கூட வந்தால் ஊர் பார்க்கும் நேரமும் அவர்களோடு இருக்கும் நேரம்தான்.

பெரியவர்கள் வருவதானால் மூன்று கேள்விக்கு முன்பே பதில் வேண்டும். எத்தனை படி ஏற வேண்டும், உட்கார இடம் எங்கே, கழிப்பறை எவ்வளவு தூரம். சக்கர நாற்காலி கேட்டால் கொடுக்கும் இடங்கள் நிறைய உண்டு. நாம் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். “நான் வரல, கால் வலிக்கும்” என்று ஒதுங்கும் பாட்டிக்கு, வாசலிலேயே நிழலில் ஒரு பெஞ்சும் பேச்சுக்கு ஒரு பேரப்பிள்ளையும் இருந்தால் போதும், வந்துவிடுவார்.

அருங்காட்சியகத்தில் எல்லா அறையையும் பார்த்தே தீர வேண்டும் என்று நிற்காதீர்கள். அங்கே வரும் களைப்பு கற்பனை அல்ல. 1916ஆம் ஆண்டிலேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தாழ்வாகவும் உயரமாகவும் வைத்த பொருள்களையும் சின்ன எழுத்துக் குறிப்புகளையும் பார்க்க மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்தே காட்டினார். வாசலில் வரைபடம் வாங்கி, ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதைத் தேடிப்போய்ப் பார்த்து, பக்கத்தில் நின்று பேசிவிட்டு, அடுத்தவர் தேர்ந்தெடுத்ததுக்குப் போகலாம். ஆறு பேருக்கு ஆறு பொருள். ஒன்றரை மணி நேரத்தில் சந்தோஷமாக வெளியே வந்துவிடலாம்.

கூட்டமான இடத்தில் உள்ளே நுழைந்ததும் “காணாமப் போனா இந்த மரத்தடிக்கு வந்துடணும்” என்று ஓர் இடத்தைக் கைநீட்டிக் காட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளையின் கை மணிக்கட்டில் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். காலையில் கிளம்பும்போதே அன்றைய உடையோடு பிள்ளையை ஒரு படம் எடுத்து வைத்தால், தேட வேண்டி வந்தால் என்ன நிறச் சட்டை என்று யோசிக்க வேண்டியதில்லை.

வீட்டில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டில், சமைத்த பண்டத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் சாப்பிடுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். யாருக்காவது வயிற்றுப்போக்கு கண்டால் ஓஆர்எஸ் பொட்டலம், அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக எடுத்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அளவு கூடக் கூடாது.

பெரியவரோடு ஒரு மாலை

என்னைக் கேட்டால், எந்த ஊரிலும் முதலில் பார்க்க வேண்டியது உறவினர் கைகாட்டும் தெருக்கள். மாமாவோ பெரியம்மாவோ நடக்கக்கூடியவராக இருந்தால், ஒரு மாலையை அவருக்கே கொடுத்துவிடுங்கள். அவர் படித்த பள்ளி, முதலில் வேலை பார்த்த இடம், உங்கள் அம்மா குழந்தையாக இருந்தபோது குடியிருந்த வீடு. அந்த வீடு இப்போது இடிந்து வேறு கட்டடமாகக்கூட இருக்கும். பரவாயில்லை, எதிரில் நின்று “இங்கதான் கிணறு இருந்துச்சு” என்று அவர் கையை நீட்டும்போது பிள்ளைகள் அந்தக் கிணற்றைப் பார்த்துவிடுவார்கள்.

அனுமதி கேட்டுவிட்டுப் போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். “அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்பதோடு முடிந்துவிடும். “முதல் சம்பளம் வாங்கின அன்னிக்கு நேரா எங்க போனீங்க?” என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார். பேச்சு நின்றால் அவசரமாக அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். அவர் ஞாபகத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

இரவில் பழைய ஆல்பத்தை எடுக்கச் சொல்லுங்கள். படங்களை ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம், கிழியும். மறுநாள் பகலில் ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் போடாமல் போனில் படமெடுத்தாலே தெளிவாக விழும். ஒவ்வொரு படத்துக்கும் யார் யார் என்று அவர் சொல்வதை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக எழுதினால் பின்னால் குழம்பாது.

கிளம்பும் நாள்

காலையில் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். கடைசிக் காலை வீட்டுக்கானது. படுக்கை விரிப்பை எடுத்து மடித்துவிட்டு, சார்ஜர், குழந்தையின் பொம்மை, ஃபிரிட்ஜில் வைத்த மருந்து மூன்றையும் ஒருமுறை பாருங்கள். ஃபிரிட்ஜில் வைத்ததுதான் மறந்துபோகும், முந்தின இரவே வண்டிச் சாவியோடு ஒரு சீட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் போன் போடுங்கள். மெசேஜ் போதாது, அவர்கள் குரலுக்காக விழித்திருப்பார்கள். ஒரு வாரத்துக்குள், எல்லோரும் சேர்ந்து எடுத்த படங்களில் நான்கைந்தை பிரிண்ட் போட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் தேதியும் பெயர்களும் எழுதி (பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விழ வைக்கும்), தபாலில் அனுப்பிவிடுங்கள்.